ராப்டர்ஸ் 905 தேர்வுக்குப் போய்வந்தேன்

ஸ்காபரோவில் என்னோடு கூடைப்பந்து ஆடும் தம்பிமார் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, 905 தேர்வில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?" தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அந்த அணி எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் தேர்வுக்குப் போவதில் பயனில்லை. ராப்டர்ஸ் 905, வட அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் டொராண்டோ ராப்டர்ஸின் துணை அணி. 2015 முதல் டொராண்டோவை அடுத்த மிசிசாகாவில் ஆடுகிறது. இந்தத் துணை அணிகள் ஆடும் ஜி லீக்கில் உள்ள மற்ற அணிகளைப் போல இதுவும் தாய் அணிக்கு ஆள் வளர்க்கும் நாற்றங்கால். என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2016இல் ராப்டர்ஸ் 27ஆவது தேர்வாக எடுத்த பாஸ்கல் சியாக்கமும், அந்த ஆண்டு எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஃபிரெட் வான்விலீட்டும் முதல் பருவத்திலேயே இங்கே அனுப்பப்பட்டார்கள். 2017இல் 905 கோப்பையை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் சியாக்கம். 2019இல் ராப்டர்ஸ் என்.பி.ஏ. கோப்பையைத் தூக்கியபோது இந்த இருவரும் அணியின் தூண்கள். அப்போதைய பயிற்சியாளர் நிக் நர்ஸும் இதே ஜி லீக்கில், அது டி லீக் என்று அழைக்கப்பட்ட காலத்தில், இரண்டு வெவ்வேறு அணிகளுக்குக் கோப்பை வாங்கித் தந்துவிட்டு மேலே போனவர்தான்.

பொதுத் தேர்வுக்குக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யலாம். 2013இல் ஜோனத்தன் சிம்மன்ஸ் 150 டாலர் கட்டி சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் துணை அணியான ஆஸ்டினின் தேர்வுக்குப் போனார். 2015இல் ஸ்பர்ஸிலேயே ஆடினார். வரிசையில் நின்ற அத்தனை பேர் மனத்திலும் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. என் மனத்திலும்தான்.

உள்ளே போனதும் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி உயரம் எடுத்தார்கள். பிறகு சுவரோடு நிற்கவைத்து, இரு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்தார்கள். முதுகில் ஓர் எண். அதற்குப் பிறகு அன்று முழுவதும் எங்கள் பெயர் அதுதான்.

நான் எதிர்பார்த்தது கூடைக்குப் பந்து எறியும் போட்டி. நடந்ததோ நான்குக்கு நான்கு தடுப்பாட்டப் பயிற்சி. வெளியே நால்வர் பந்தைச் சுற்றி அனுப்புவார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் தடுக்கும் நால்வரும் சேர்ந்தே நகர வேண்டும். மூலையில் இருந்தவனுக்குப் பந்து போனது. பாய்ந்து போய், கடைசி இரண்டு மீட்டரில் அடியைச் சுருக்கி, கையை உயர்த்தினேன். எறிய விடவில்லை, அவன் பந்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். பயிற்சியாளர் ஊதலை ஊதினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அது சரி, பந்து போன பிறகு நீ எங்கே போனாய்?" என்று கேட்டார்.

தேர்வு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது. ஜி லீக்கில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுப்பவரை மேலே கூப்பிட்டால், அங்கே பந்தைக் கையில் வைத்து ஆடுவதற்கு ஏற்கனவே நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். இவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மூலையில் நிற்க வேண்டும், வந்த பந்தைத் தயங்காமல் எறிய வேண்டும், எதிரணியின் நல்ல ஆட்டக்காரரைத் தடுக்க வேண்டும். அதனால்தான் துணை அணிகள் பெரும்பாலும் தாய் அணியின் ஆட்ட முறைகளையே, அதே பெயர்களோடு ஓட்டுகின்றன. இன்று மிசிசாகாவில் ஆடியவர் நாளை டொராண்டோவில் இறங்கினால், பயிற்சியாளர் கத்தும் சொல் அவருக்குப் பழகியதாக இருக்க வேண்டும்.

ஒப்பந்த விஷயத்திலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. சாதாரண ஜி லீக் ஒப்பந்தம் லீக்கோடு போடுவது. 905இல் ஆடினாலும் உங்களை 30 என்.பி.ஏ. அணிகளில் எதுவும் எடுத்துக்கொள்ளலாம். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் ஒரே ஒரு பயிற்சியாளரின் விருப்பு வெறுப்பில் வாழ்க்கை சிக்கிக்கொள்வதில்லை. 2017இல் வந்த இருவழி ஒப்பந்தம் அப்படியல்ல; அதில் நீங்கள் தாய் அணிக்கே உரியவர், அங்கே 50 ஆட்டங்கள் வரை இடம்பெறலாம். கிறிஸ் பூஷே அந்த வழியாக வந்தவர். 2018-19 பருவத்தில் ஜி லீக்கின் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற இரு விருதுகளையும் வாங்கினார்; அந்தப் பருவத்திலேயே ராப்டர்ஸ் அவருக்கு முழு ஒப்பந்தம் கொடுத்தது.

நம் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் இன்னொரு பெயர் சிம் புல்லர். டொராண்டோவில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையன். ரீனோ துணை அணியிலிருந்து 2015இல் சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு ஏறி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரரானார். அடுத்த பருவத்தில் இதே 905க்கும் ஆடினார்.

எனக்கு அழைப்பு வரவில்லை. எங்கள் குழுவிலிருந்து பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டவர், அன்று கூடையில் பந்து போட்டு யாரும் பார்த்த நினைவில்லை. ஆனால் தடுப்பவரின் வழியை மறிக்க எதிரணி ஆள் வந்து நிற்கும் ஒவ்வொரு திரையையும் முன்கூட்டியே உரக்கச் சொல்லி எச்சரித்தது அவர்தான். தன் ஆளை விட்டுவிட்டு அடுத்தவன் ஆளைத் தடுக்க ஓடியதும் அவர்தான். தேர்வு சரியாகவே நடந்தது என்று முழு மனத்தோடு சொல்வேன்.

போக நினைப்பவர்கள், தேர்வுகள் வழக்கமாகப் பருவம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடும் என்பதால் கோடை முடிவதற்குள் உடம்பைத் தயார் செய்துகொள்ளுங்கள். எங்கள் பயிற்சியில் இப்போது முதல் அரை மணி நேரம் யாரும் கூடைக்கு எறிவதில்லை. நான்குக்கு நான்கு, தடுப்பாட்டம் மட்டும், வாயைத் திறந்து பேசிக்கொண்டே. சேர விரும்புகிறவர்கள் வரலாம்.