பழகிய கைக்கு எட்டு ஏன் வரமாட்டேன் என்கிறது?

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்து டூவீலர் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். 6 மாதத்துக்குள் போயாக வேண்டும். வருடக்கணக்காக ஓட்டிய தெம்பில் நேராக டெஸ்ட் கிரவுண்டுக்குப் போய், எட்டு வடிவப் பாதையில் காலை ஊன்றி ஃபெயிலாகி வருபவர்கள் உண்டு. ஓட்டத் தெரியாததால் அல்ல, ரோட்டுப் பழக்கம் அங்கே எதிராக வேலை செய்வதால்.

முதல் குற்றவாளி கிளட்ச். திருப்பம் வந்ததும் அதை முழுக்க அமுக்கி வண்டியை உருளவிடுவோம். வேகம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எட்டில் நடைவேகம்தான், இழுவை அறுந்ததும் வண்டி சாய்ந்த பக்கமே விழப்பார்க்கும், கால் தானாக இறங்கிவிடும். ஃபர்ஸ்ட் கியரில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகி அப்படியே பிடித்திருங்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஹாஃப் கிளட்சும் (கிளட்சைப் பாதி அமுக்கிய நிலை) ரியர் பிரேக்கும்தான். பிரேக்கை லேசாக அமுக்கியே வைத்தால் செயின் தளராது, வண்டி வெட்டி வெட்டி இழுக்காது. கிளட்ச் தேய்ந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் அது ஆயிலில் ஊறுகிற கிளட்ச், சில நிமிடம் தாங்கும். கிளட்ச் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஃபோர்க் அமுங்கி வண்டி உள்பக்கமாகச் சரியும்.

பார்வை முன் சக்கரத்தில் நின்றால் வண்டியும் அங்கேயே நிற்கும். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், கழுத்தே திரும்பட்டும். வண்டி உள்ளே சாயும்போது உடம்பு சற்று வெளிப்பக்கம் இருக்கட்டும். வேகமான வளைவில் செய்வதற்கு இது நேர்மாறு.

பழக, 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல் வைத்துச் சுற்றுங்கள். கால் இறங்காமல் வந்த பிறகு இடைவெளியைக் குறையுங்கள். ஸ்கூட்டர் என்றால் இடது கை பிரேக்தான் ரியர் பிரேக். அதை லேசாகப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டர் கொடுங்கள்.

டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கை சிக்னல் கேட்கலாம். இடதுபக்கம் திரும்பவும் வலது கையைத்தான் நீட்டி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஆக்ஸிலேட்டரை விடும் கை அது, ஓடும்போதே பழகுங்கள்.

நான்கு விரலும் கிரிப்பில் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்வது, புதியவர்கள் ஆக்ஸிலேட்டரோடு சேர்த்து பிரேக்கையும் பிடித்துவிடுவார்கள் என்பதால். கை பழகியபின் நெரிசலில் இரண்டு விரல் முன் பிரேக் லிவரில் இருப்பதே சரி. 40 கி.மீ. வேகத்தில் அரை வினாடி தாமதம் என்றால் வண்டி ஐந்தரை மீட்டர் போயிருக்கும்.