மரத்தடி மீன்

கொக்கியில் மீன் இல்லை. வெங்காயச் சருகு போல ஒரு துண்டு உதட்டுத்தோல் மட்டும்.

"வெடுக்குனு இழுத்துட்டேன்ப்பா" என்றார் அப்பா. ஊர்க் குளத்துக் கெளுத்திக்குப் பழகிய கை. கிராப்பி மீனுக்கு வாய் காகிதம் மாதிரி.

அட்லாண்டா பக்கம், லேனியர் ஏரி. ஜூலை வெயில். கரையோரத் தண்ணீர் சுட்டால் கிராப்பி படகுத்துறை நிழலுக்கும், ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கும் போய்விடும். ரொம்ப அடியில் நிற்காது. அங்கே ஆக்சிஜன் குறைவு. இரை அதன் தலைக்கு மேலே தொங்க வேண்டும், மேலே பார்த்துத்தான் தின்னும்.

"அதுவும் மரத்தடிதான் தேடுதா?"

ஊரில் வேப்பமரத்தடியை விட்டு நகராதவர். இங்கே வந்த 3 வாரமாக உட்கார ஓர் இடம் பிடிபடவில்லை அவருக்கு. இன்று 2 மணி நேரம் அசையவில்லை.

தக்கை மெல்லச் சாய்ந்தது.

இந்த முறை பூப்பறிக்கிற மாதிரி தூக்கினார்.