பூட்டுத் திறக்கும் நாலு நாள்

"பொங்கல் சமயத்துல யாராவது காரைக்குடிப் பக்கம் போவாங்களா? ரோடு பூரா வண்டி, ரூமும் கிடைக்காது. பேசாம பிப்ரவரியில போங்க." பக்கத்து வீட்டில் தொடங்கி என் தங்கை வரை எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். மகள் வேலைக்காக வெளியூர் போனபின் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பும் முதல் நீண்ட பயணம் இது. கணவருக்குப் பொங்கலை விட்டால் லீவு கிடையாது. சரி, கூட்டமோ என்னவோ, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்த வருஷம் அது. வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கே பெருங்களத்தூரில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காரைக்குடி ஏறத்தாழ 420 கிலோமீட்டர். திருச்சி வரை அவர் ஓட்டினார், அப்புறம் நான். புதுக்கோட்டை தாண்டியதும் சாலை காலியாகி, வறண்ட செம்மண்ணும் கண்மாய்க் கரைகளுமாக ஊர் மாறியது. திருமயத்தில் கால் நீட்ட இறங்கினோம். 1687இல் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி கட்டிய கோட்டை. அந்த ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில். நடை சாத்தியிருந்ததால் கோட்டையில் மட்டும் ஏறி இறங்கினோம்.

தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்குப் போனபோது மணி மூன்றரை. பொங்கல் விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாள் என்பதால் பட்டறையில் எல்லோரும் கொஞ்சம் அவசரத்தில் இருந்தார்கள். ஆனாலும் ஒரு பெரியவர், "நில்லுங்கம்மா, ஒண்ணு போட்டுக் காட்டுறேன்" என்றார்.

ஒரு கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்தார். அதன்மேல் சதுரச் சட்டம், சட்டத்துக்குள் பூவும் கொடியுமாக வளைத்த தகட்டு அச்சு. சிமெண்டில் சாயம் கலந்து மோர்ப் பதத்தில் கரைத்த குழம்பு கிண்ணம் கிண்ணமாக இருந்தது. இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, சுற்றி மஞ்சள் என்று சிறு கரண்டியால் ஒவ்வொரு அறையாக ஊற்றினார். தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற கை போல ஒரு சொட்டு அதிகமில்லை, குறைவில்லை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நின்றன, கலக்கவில்லை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதன்மேல் சாந்து அப்பி மட்டம் தட்டி ஓரமாக வைத்தார். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வரும்போது கண்ணாடி தானாகக் கழன்றுவிடுமாம். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் கல்லின் மேல்முகம். அந்தப் பளபளப்பு அதிலிருந்து வருவது, சூளையும் இல்லை, மெருகும் இல்லை. இத்தனை வருஷம் அதைச் சுட்ட ஓடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்குடிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்பே பணம் கட்டி வைத்திருந்த அறையை விடுதிக்காரர் வேறு யாருக்கோ கொடுத்திருந்தார். "சீசன் சார்" என்றார், அவ்வளவுதான். மேலும் நாலு இடத்தில் கேட்டோம், எங்கும் அறை இல்லை. கடைசியில் டீ குடித்த கடைக்காரரே யாருக்கோ போன் போட்டு, கோட்டையூரில் ஒரு வீட்டைக் கைகாட்டினார்.

அந்த வீட்டு ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அரிக்கேன் விளக்கு மாட்டியிருந்த திண்ணையில் எங்களுக்காகவே உட்கார்ந்திருந்தார். "மக்க எல்லாம் நாளைக்குத்தான் வர்றாக. மாடியறை சும்மாதான் கெடக்கு. இன்னைக்கு ராத்திரி தங்கிக்கங்க" என்றார். இரவு பத்து மணிக்கு இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் போட்டார். காசை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

போகியன்று காலையில் கார்ச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். மாடியிலிருந்து பார்த்தால் கீழே வளவு முழுக்க மனிதர்கள். வளவு என்றால் முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள உள்கட்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறை உண்டு, அதற்குத் தனிப் பூட்டும் சாவியும் அவரவரிடம். வருஷம் முழுக்க அந்தப் பூட்டுகள் அப்படியே தொங்கும், ஆச்சி மட்டும் வீட்டைக் காத்துக்கொண்டிருப்பார். இப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சாவிகள் வந்திருந்தன. ஒருவர் உள்ளங்கை நீளச் சாவியை இரண்டு கையாலும் திருகினார். பர்மாத் தேக்குக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே இருந்து பழைய புடவை வாசனை மாடிவரை வந்தது. முற்றத்தில் குழந்தைகள் தண்ணீரை வாரி இறைத்தார்கள். அந்த வீடு தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதைத்தான் பிப்ரவரியில் போகச் சொன்னவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிப்ரவரியில் அறை சுலபமாகக் கிடைத்திருக்கும். ஆனால் இந்த வீடு பூட்டிக் கிடந்திருக்கும்.

காப்பி குடிக்கும்போது ஆச்சி கேட்டார்: "உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?" இருபத்தாறு என்றேன். "எங்க பக்கம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு புள்ளி. கோயில் கணக்கு, ஊர்க் கணக்கு எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். ஒருத்தர் போயிட்டா அரைப் புள்ளி. நான் பதினோரு வருஷமா அரைப் புள்ளி." சாதாரணமாகத்தான் சொன்னார். என் கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்கவே இல்லை.

கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். "செவ்வாக்கெழமை இருப்பீகளா? இருந்தா நாட்டரசன்கோட்டைக்குப் போங்க. நான் பொறந்த ஊரு. செவ்வாய்ப் பொங்கல் பாக்காமப் போகாதீக." அதற்காகவே தேவகோட்டையில் அறை தேடிப் பிடித்து, திங்கட்கிழமை திரும்புவதாக இருந்ததைப் புதனுக்குத் தள்ளினோம்.

இடையில் கானாடுகாத்தானில் தெருத் தெருவாக நடந்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்ய, போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. 96 ஊராக இருந்த செட்டிநாடு இன்று எழுபத்துச் சொச்சம் ஊர். பல வீடுகளில் பங்காளிகள் பெருகிப் பெருகி, பழுது பார்ப்பதற்குக்கூட எல்லோரும் கூடி முடிவெடுக்க முடியாமல் போய்விட்டது. அப்படி இடிந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சாத்தி வைத்திருக்கின்றன. ஒரு கதவு நிலையில் பென்சிலால் குழந்தைகளின் உயரம் குறித்திருந்தது. என்னால் அங்கே ஒரு பித்தளைக் கிண்ணம்கூட வாங்க முடியவில்லை. நெசவாளர் ஒருவரிடம் அரக்கும் மஞ்சளுமாக ஒரு கண்டாங்கிச் சேலை மட்டும் எடுத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று பிள்ளையார்பட்டியில் இரண்டு மணி நேர வரிசை. சாயங்காலம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் காய்த்துத் தொங்குவதுபோல் இருந்தன. சிறுவன் ஒருவன் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினான்.

செவ்வாய் காலையில் திருப்பத்தூர்ப் பக்கம் வண்டியை விட்டது தப்பாகிவிட்டது. அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. தொழுவிலிருந்து வரும் மாடுகள் போக, வயற்காட்டில் அங்கங்கே கட்டுமாடுகளாகவும் அவிழ்த்துவிடுவார்கள் என்பதால் கிலோமீட்டர் கணக்கில் மனிதர்கள், டிராக்டர்கள், லாரிக் கூரைமேல் இளைஞர்கள். இரண்டரை மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். கல்யாணமான புதிதில் பேசியதுபோல் நிறையப் பேசினோம். அந்த இரண்டரை மணி நேரம் வீண் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காளையார்கோயிலில் மருது பாண்டியர் எழுப்பிய கோபுரத்தை வண்டியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நாட்டரசன்கோட்டை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கம்பர் அடங்கிய ஊர் என்று போற்றப்படும் ஊர் இது. கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலின் முன்னால் வரிசை வரிசையாக அடுப்புகள். நூற்றுக்கணக்கான பானைகள், மண்பானைகளுக்கு நடுவே வெள்ளிப் பானைகளும். முதல் பானை வைக்கும் பாக்கியம் பணத்தாலோ வயதாலோ வருவதில்லை. சீட்டுக் குலுக்கி எந்தப் புள்ளியின் பெயர் வருகிறதோ அவர்கள்தான் முதலில் வைக்க வேண்டும்.

ஓரமாக நின்றோம். எங்கள் முன்னால் ஓர் இளம் தம்பதி. பட்டுப்புடவை நெருப்பில் படாமல் அந்தப் பெண் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓலையைத் தள்ளினாள். அவன் குனிந்து ஊதினான், புகையில் இருவருக்கும் கண்ணில் நீர். பால் நுரை விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் தயங்கி, வழிந்தது. சங்குச் சத்தம் எழுந்தது. அடுத்த பானை, அதற்கடுத்தது என்று அந்த வழிதல் வரிசை நெடுகப் பரவியது. யாரோ ஒரு அம்மா, யார் நீங்கள் என்று கேட்காமலே தொன்னையில் சர்க்கரைப் பொங்கலைத் திணித்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடுங்க" என்றார்.

புதன்கிழமை சென்னைக்குத் திரும்பும் வழியில் கோட்டையூரில் நிறுத்தினோம். கார்களில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. வளவில் ஒவ்வொரு அறையாகப் பூட்டு விழும் சத்தம் திண்ணைவரை கேட்டது. மீதி வைத்திருந்த பொங்கலை ஆச்சியிடம் கொடுத்தேன். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முதப் பானை யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்டார். பெயர் தெரியவில்லை, சின்ன வயசுக்காரர்கள் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றார். உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய மணகோலம் என்ற பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தூக்கை எப்படித் திருப்பித் தர்றது ஆச்சி?" என்றார் என் கணவர்.

"அடுத்த பொங்கலுக்கு எடுத்துட்டு வாங்க."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். தூக்கைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டோம்.