புறப்படும் முன் எழுதிக்கொள்ளும் ஐந்து வரிகள்

கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான பயிற்சியை அமெரிக்காவில் எடுத்துக்கொண்டபோது எனக்கு அதிகம் வியர்த்தது, விமானம் தரையில் அசையாமல் நின்ற சில நிமிடங்களில்தான். தொடையில் பட்டை போட்டுக் கட்டிய சிறு எழுதுபலகை, கூராகச் சீவிய பென்சில், காதில் ஹெட்செட். புறப்பாட்டு அனுமதி வழங்குவதற்கென்றே உள்ள அலைவரிசையில் அழைத்துப் போகும் ஊரைச் சொன்னால், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒரே மூச்சில் ஐந்து செய்திகளைச் சொல்லி முடிப்பார்: எந்த இடம் வரை அனுமதி, எந்த வழி, எந்த உயரம், மேலேறியதும் எந்த அலைவரிசையில் அழைக்க வேண்டும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் எந்த நான்கு இலக்க எண்ணை வைக்க வேண்டும். இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘கிராஃப்ட்’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். எழுதி முடித்ததும் அத்தனையையும் அவருக்கே திருப்பிப் படித்துக்காட்ட வேண்டும். அதற்குத்தான் ரீட்பேக் என்று பெயர்.

ஒரு நாள் அவர் 4271 என்று சொன்ன எண்ணை நான் 4217 என்று எழுதியிருந்தேன். அப்படியே படித்தும் விட்டேன். அவர் உடனே நிறுத்தி, ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக மீண்டும் சொன்னார். டிரான்ஸ்பாண்டர் எண்ணின் ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான் இருக்கும் என்பதால் மொத்தமே 4096 எண்கள்தான் உண்டு. நான் எழுதிய எண்ணோடு மேலேறியிருந்தால் ரேடார் திரையில் என் புள்ளி என் பறப்புத் திட்டத்தோடு சேர்ந்திருக்காது. பென்சிலின் பின்பக்க ரப்பரால் அந்த இரண்டு இலக்கங்களை அழித்து எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது. புறப்பாட்டு அனுமதி குரலிலிருந்து எழுத்துக்கு மாறிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, அன்று என்னைத் திருத்திய அந்தச் செவிக்குப் புதிய ஏற்பாட்டில் என்ன மாற்று இருக்கிறது என்பதையே.

விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் இதே அனுமதி ஒரு தாள் பட்டையாகத் தொடங்குகிறது. அமெரிக்க முறையில், வான்வழி மையத்தின் கணினியிலிருந்து பறப்புத் திட்டம் கோபுரத்து அச்சுப்பொறிக்கு வந்து, புறப்படும் நேரத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பாக ஒரு நீண்ட, குறுகிய பட்டையாக அச்சாகிறது. அழைப்புப் பெயர், விமான வகை, டிரான்ஸ்பாண்டர் எண், நேரம், உயரம், வழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் மாறாத ஓர் இடம் உண்டு. அதை ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் செருகி, அனுமதியைப் படித்து முடித்ததும் பேனாவால் குறியிட்டு, தரைக் கட்டுப்பாட்டாளரிடமும் பின்னர் ஓடுதளத்தைக் கவனிப்பவரிடமும் கைமாற்றுவார்கள். பட்டை யார் முன்னால் இருக்கிறதோ, விமானம் அவர் பொறுப்பு. திரையில் விரலால் நகர்த்தும் மின்னணுப் பட்டைகளுக்குக் கனடாவின் பெரிய கோபுரங்கள் வெகு முன்பே மாறிவிட்டன. அமெரிக்கா தாமதமாகத்தான் மாறிவருகிறது. அந்தத் தாமதத்தைப் பழமைப் பிடிப்பு என்று நான் கருதவில்லை. கையில் எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கும் செயலில் இருக்கும் பொறுப்பு மாற்றத்தைத் திரைக்குள் கொண்டுவருவது எளிதான வேலை அன்று.

புறப்பாட்டு அனுமதி என்பது வழியைப் பற்றிய அனுமதி மட்டுமே. ஓடுதளத்தில் ஓடத் தொடங்குவதற்கான அனுமதி வேறு. இந்த இரண்டும் ஒரே குரலில், ஒரே வானொலியில் வரும்போது என்ன ஆகும் என்பதை 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃபே தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம் காட்டியது. டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானம் ஓடுதளத்தின் முனையில் திரும்பி நின்ற பிறகுதான் அதற்கு வழி அனுமதி வாசிக்கப்பட்டது. புறப்பட்டு மேலேறிய பின் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் இடத்தில், ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் அதற்குள் இடம்பெற்றிருந்தது. துணை விமானி ரீட்பேக் செய்து முடிப்பதற்குள் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. கோபுரமும் அமெரிக்க நிறுவனமான பான்ஆமின் விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால், காத்திருக்கச் சொன்ன செய்தி கேஎல்எம் விமானி அறையில் ஒரு கீச்சொலியின் அடியில் மறைந்தது. மூடுபனிக்குள் அதே ஓடுதளத்தில் ஊர்ந்துகொண்டிருந்த பான்ஆம் விமானத்தில் அது மோதி, 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல இருந்தாலும், நெரிசலான வானொலியில் ஒரு நீண்ட அனுமதியைத் தவறான நேரத்தில் வாசித்ததும் அவற்றுள் ஒன்று. அதன் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, மேலெழுவதற்கான அனுமதியை வழங்கும்போதும் அதை விலக்கும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற ஒழுங்கு உறுதிப்பட்டது.

எழுத்து வடிவ அனுமதிக்கு வழி திறந்தது, விமானத்துக்கும் தரைக்கும் இடையே எழுத்துச் செய்திகளைக் கொண்டுசெல்லும், 1978 இல் பயன்பாட்டுக்கு வந்த ஏக்கார்ஸ் என்னும் தரவு இணைப்பு. அமெரிக்காவில் அதன் மீது அமைந்த முதல் ஏற்பாட்டில், கோபுரக் கணினி அனுமதியை விமான நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும். நிறுவனம் அதை விமானி அறைக்கு அனுப்பும். அலைவரிசை அமைதியானது. ஆனால் முதல் அனுமதியை மட்டுமே இவ்வாறு அனுப்ப முடிந்தது. வழி மாறினால் மீண்டும் குரல்தான், மீண்டும் பென்சில்தான். கோடைக்கால இடிமழை நியூயார்க் வட்டாரத்தின் வான்வழிகளை அடைக்கும்போது, ஏற்கெனவே அனுமதி பெற்று வரிசையில் நிற்கும் விமானங்கள் அனைத்துக்கும் புதிய வழி தேவைப்படும். அதாவது, ஏற்பாடு மிகவும் தேவைப்பட்ட நாளில்தான் அது கைகொடுக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. நாசா நடத்தும் தன்னார்வப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு விமானிகள் எழுதிய அறிக்கைகளில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது. தாங்கள் கேட்ட வழியே கிடைத்திருக்கும் என்ற எண்ணத்தோடு அச்சான அனுமதியைப் பார்த்தவர்கள், நடுவில் மாற்றப்பட்டிருந்த துண்டைக் கவனிக்காமல் மேலேறிவிட்டார்கள். மாற்றத்தைச் சுட்டும் சிறு குறியீடுகள் தாளில் இருந்தன. கண் அவற்றைத் தாண்டிச் சென்றுவிட்டது. குரலில் வாசித்திருந்தால் பழக்கமில்லாத ஒரு வழிப்புள்ளியின் பெயர் காதில் இடறியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த தலைமுறை ஏற்பாடு நிறுவனக் கணினியின் இடைநிலையை விலக்கி, கோபுரத்தையும் விமானத்தையும் நேரடியாக இணைத்தது. மெம்பிஸிலும் நியூவார்க்கிலும் சோதித்த பிறகு, 2015 இல் சால்ட் லேக் சிட்டியிலும் ஹூஸ்டனின் இரு விமான நிலையங்களிலும் அது நடைமுறைக்கு வந்தது. 2016 முடிவதற்குள் 55 கோபுரங்களை எட்டியது. இதில் திருத்தப்பட்ட அனுமதியையும் அனுப்ப முடியும். விமானி அறையில் ஓர் ஒலி எழும்பும். திரையில் புதிய வழி வரும். வசதியுள்ள விமானங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது, விமானத்தை வழிநடத்தும் பறப்பு மேலாண்மைக் கணினியில் தானே ஏறிக்கொள்ளும். படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். இடிமழை நாளில் வரிசையில் நிற்கும் முப்பதாவது விமானத்துக்கு இதன் அருமை தெரியும். நானும் இதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஐரோப்பாவில் வேரூன்றிய வேறொரு முறையில், விமானி முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். வரும் அனுமதியின் உள்ளடக்கத்தை விமானம் திருப்பி அனுப்ப, தரையிலுள்ள கணினி இரண்டையும் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் குரலுக்குத் திரும்பச் சொல்லும். ரீட்பேக்கை இயந்திரத்துக்குள் கொண்டுவந்த நேர்த்தி இதில் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு, செய்தி வழியில் சிதையவில்லை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. என் 4217 பிழை வானொலியில் நேரவில்லை. செய்தி தெளிவாகத்தான் வந்து சேர்ந்தது. பிழை நேர்ந்தது காதுக்கும் பென்சிலுக்கும் இடையில். அந்த இடைவெளியை எந்தத் தரவு இணைப்பும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கு விமானி அறையில் இரண்டாவது மனிதர் ஒருவர் வேண்டும்.

என் பயிற்சியாளர் பல ஆண்டுகள் பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். அனுமதி எழுத்தில் வந்த காலத்திலும் அவர் அதை மௌனமாகப் படித்ததே இல்லையாம். அச்சுத் தாளைக் கிழித்து எடுத்து, வழியில் வரும் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிப்பாராம். துணை விமானி மேலாண்மைக் கணினியின் திரையில் அதே பெயரின் மீது விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவாராம்.