கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கு ஒரு செருகுநிரல் எழுதி முடித்த அனுபவம்

பதிவேட்டில் உள்ள பரப்பளவையும் வரைபடத்தில் உள்ள பரப்பளவையும் ஒப்பிட்டு, வேறுபடும் மனைகளை வண்ணமிட்டுக் காட்டும் செருகுநிரல் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) ஒன்றை எங்கள் குழுவுக்காகப் பைத்தான் நிரல்மொழியில் எழுதினேன். கணக்கு எளியது, அதை வரைபடத் தரவுகளைக் கையாளும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸுக்குள் முறையாக அமர்த்துவதில்தான் பெரும்பாலான உழைப்பு சென்றது.

பயனர் சுயவிவரத்தின் பைத்தான் கோப்புறைக்குள் 'பிளகின்ஸ்' என்றொரு கோப்புறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் தனிக் கோப்புறை உண்டு. அதன் பெயரே பைத்தான் தொகுப்பின் பெயராகவும் ஆவதால் இடைவெளி வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெட்டாடேட்டா உரைக்கோப்பு பெயர், பதிப்பு, தேவைப்படும் குறைந்தபட்ச கியூஜிஐஎஸ் பதிப்பு ஆகியவற்றைச் சொல்கிறது. நிரலின் ஒரு வரியைக்கூட இயக்காமல் இதைப் படித்தே செருகுநிரல் மேலாளர் பட்டியலிடுகிறது என்பதால், அந்தக் கோப்பை நிரலுக்கு இணையான கவனத்தோடு எழுத வேண்டும்.

தொடக்கக் கோப்பில் உள்ள 'கிளாஸ்ஃபேக்டரி' என்னும் செயற்கூற்றுக்குக் கியூஜிஐஎஸ் 'ஐஃபேஸ்' என்ற பொருளைக் கொடுக்கிறது. பட்டியில் பொத்தான் சேர்ப்பதும், திறந்திருக்கும் லேயரை (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கை) கேட்டுப் பெறுவதும் அதன் வழியாகத்தான். செருகுநிரலை இயக்கியதும் 'இனிட்ஜியூஐ' அழைக்கப்படுகிறது; நிறுத்தும்போது 'அன்லோட்' அழைக்கப்படுகிறது. நான் அதிக நேரம் செலவிட்டது இந்த அன்லோடில்தான். சேர்த்த பொத்தானையும் பட்டி உருப்படியையும் அதில் நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இயக்கும்போது ஒரே பொத்தான் இரண்டாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள் அதைவிட முக்கியமானவை: திட்டத்தில் புதிய லேயர் சேரும் சமிக்ஞையோடு நிரலை இணைத்திருந்து, அதைத் துண்டிக்காமல் விட்டால், நிறுத்தப்பட்ட செருகுநிரல் பின்னணியில் தொடர்ந்து வேலை செய்துகொண்டே இருக்கும். வந்த சுவடு தெரியாமல் விலகத் தெரிந்த செருகுநிரலைத்தான் நான் தன்னிறைவு பெற்றதாகக் கருதுவேன்.

செருகுநிரல் இயங்கத் தேவைப்படும் பிற நிரல்களான சார்புகளிலும் இதே கவனம் தேவைப்பட்டது. மெட்டாடேட்டாவில் குறிப்பிடும் சார்புகள் பிற செருகுநிரல்களுக்கு மட்டுமே பொருந்தும். வெளிப் பைத்தான் நூலகங்களை அது நிறுவித் தராது. ஆகவே கியூஜிஐஎஸ் தன்னோடு கொண்டுவரும் வசதிகளை மட்டும் பயன்படுத்தினேன். இடைமுகத்திலிருந்து கணக்கீட்டைப் பிரித்து கியூஜிஐஎஸ்ஸின் கணக்கீட்டுக் கருவிகள் அடங்கிய 'பிராசஸிங்' கருவிப்பெட்டியிலும் பதிவு செய்தேன். பல கோப்புகளை ஒரே தொகுதியாக ஓட்டும் வசதி அதனால் தானாகவே கிடைத்தது. அந்தப் பிராசஸிங்கே ஒரு பைத்தான் செருகுநிரல்தான் என்பதால், சந்தேகம் எழுந்த இடங்களிலெல்லாம் அதன் மூல நிரலையே திறந்து பார்த்தேன்.

செருகுநிரல்களைப் பிறர் பெறுவதற்காக வெளியிடும் கியூஜிஐஎஸ் களஞ்சியத்தில் ஏற்றும் ஜிப் கோப்பினுள் உரிமக் கோப்பும், மெட்டாடேட்டாவில் மூல நிரல் முகவரியும் பிழை பதியும் முகவரியும் இருக்க வேண்டும். இவற்றை முன்கூட்டியே சேர்த்திருந்ததால் பரிசீலனை சிக்கலின்றி முடிந்தது.