அச்சில கட்டி வைச்ச சட்டம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு சங்கத்துத் தம்பி கேட்டு மூண்டு மாசமாச்சு. எழுதுறன் எழுதுறன் எண்டு இழுத்துக்கொண்டு இருந்தனான். தை மாசம் மரவேலை சேர் தெகிவளையில காலமாகிட்டார் எண்டு எங்கட பச் வட்ஸ்அப்பில செய்தி வந்துது. அண்டைக்கு இரவே இருந்து எழுதத் தொடங்கினது தான் இது.

பேர் சொல்லத் தேவையில்லை. பலகை சேர் எண்டா எந்த வருசத்துப் பெடியனுக்கும் தெரியும். சேட் பொக்கற்றில எப்பவும் ஒரு மைப்பேனை இருக்கும், ஆனா அவர் அதால எழுதி நான் கண்டது குறைவு. ஒரு பலகையைக் கையில எடுத்தா முதல்ல சீவுளியால ஒரு இடத்தை மெல்லிசாச் சீவுவார், பிறகு பேனையைத் திறந்து ஒரு சொட்டு மை விடுவார், விட்டிட்டுப் பேசாம நிப்பார். மை பரவுற திசை தான் நார் ஓடுற திசை. பலகையின்ட ஓரத்துக்குச் சமாந்தரமா மை ஓடினா அந்தப் பலகை வளைக்க உதவும், சரிவா ஓடி ஓரத்தால வெளிக்கிட்டுதெண்டா அது மேசைக்குப் போகும், அலுமாரிக்குப் போகும், வளைக்கப் போகாது. அதுவும் அகலப் பக்கத்தில மட்டும் பாத்தாக் காணாது, ஒடுங்கின பக்கத்திலயும் பாக்கவேணும். அங்க தான் மரம் ஏமாத்துறது எண்டு சொல்லுவார்.

ஸ்ராஃப் ரூமில மூலைக்குள்ள கிடந்த அந்த வளைஞ்ச கதிரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பிரம்பு பின்னின இருக்கையோட, முதுகும் பின்கால் ரெண்டும் ஒரே துண்டா வளைஞ்சு வாற கதிரை. சேருக்கு அதில ஒரு பைத்தியம். மிக்கேல் தோனெற் எண்டவர் 1859இல கொண்டுவந்த 14ஆம் நம்பர் கதிரையின்ட சாயல் அது, பீச் மரத்தை ஆவியில வேகவைச்சு வளைச்சது, முழுக் கதிரைக்கும் 6 மரத்துண்டு, 10 ஸ்குரூ, 2 நட் தான். கழட்டி அடுக்கினா ஒரு கனமீற்றர் பெட்டிக்குள்ள 36 கதிரை போகுமாம். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அவர். அதே மாதிரி ஒண்டை எங்கட ஊர் மரத்தில செய்யோணும் எண்டது அவரின்ட ஆசை, அந்த ஆசைக்குள்ள அந்த வருசம் அகப்பட்டது நாங்கள்.

ஆவிப்பெட்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, தண்ணி டாங்குக்குப் பக்கத்தில. மண்ணெண்ணெய்த் தகரத்தில தண்ணி கொதிக்கும், ஆவி றப்பர் குழாயால நீளப்பெட்டிக்குள்ள போகும், கதவுக்கு நனைச்ச சாக்கு. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம். எடுத்த உடன ஒரு நிமிசத்துக்குள்ள வளைச்சு முடிக்கவேணும், ஆறினா மரம் திரும்பவும் இறுகிப் போகும். வெளிப்பக்கத்தில துறைமுகத்துப் பெட்டி கட்டுற இரும்புப் பட்டையைப் போட்டு, ரெண்டு முனையிலயும் கட்டை வைச்சு இறுக்கிப்போட்டுத் தான் வளைக்கிறது. வெந்த மரம் உள்பக்கமா நல்லா நசுங்கும், நல்ல மரமெண்டா நாலில ஒரு பங்கு கூடக் குறுகும், ஆனா இழுத்தா நூற்றுக்கு ஒண்டு ரெண்டுக்கு மேல நீளாது. அதால தான் பட்டை. பட்டை இழுவையைத் தான் வாங்கிக்கொண்டு மரத்தை நசுங்க மட்டும் விடும்.

இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு தான் நான் முதிரைப் பலகையைத் தெரிஞ்சனான்.

அவரவர் கதிரைக்கு அவரவர் பலகை எண்டு சேர் சொல்லிப்போட்டார். அப்பா கிளறிக்கல் உத்தியோகம், நாலு பிள்ளையள். நான் கேட்டுக் கேட்டு அவரை மரக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்க அந்த முதிரை நிமித்தி வைச்சுக் கிடந்தது, வெயில் பட்டு முகமெல்லாம் பட்டுச் சேலை மாதிரி அலையலையா மினுங்கினது. அப்பா விலையைக் கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம நிண்டார், பிறகு மணிபேர்சை எடுத்தார். மை விட்டுப் பாக்கிற யோசனை எனக்கு வந்தது, வரேல்லை எண்டு பொய் சொல்லமாட்டன், ஆனா அவ்வளவு வடிவான முகத்தில மையை விட மனம் வரேல்லை.

முதிரையில அந்த அலையும் மினுக்கமும் வாறதே நார் நேரா ஓடாததால தான். ஒரு காலத்தில இந்தப் பக்கம் சாஞ்சு வளரும், பிறகு மற்றப் பக்கம் சாயும், ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னிக் கிடக்கும். அலங்காரப் பலகைக்கு அதை அடிக்க மரம் இல்லை. வளைக்கிறதுக்கு அது கூடாது. அதோட அந்தப் பலகை நல்லாக் காஞ்சு கலகலத்த பலகை. வளைக்கிற மரத்தில ஈரம் இருக்கவேணும், வெட்டினதும் வெட்டாததுமா இருக்கிற பச்சை மரம், இல்லாட்டி நிழலில மெதுவா வாடின மரம். சூட்டில காயவைச்சு எடுத்ததை எவ்வளவு நேரம் ஆவியில வைச்சாலும் அது பழைய மாதிரி இளகாது.

கண்காட்சி நாள் பங்குனியில. பெற்றோர் எல்லாம் வந்து சுத்தி நிக்கினம், முன் வரிசையில அப்பா. பலகையைப் பெட்டியால எடுத்து, வளைவைப் பிடிச்சு வைக்கிற அச்சில வைச்சு நானும் இன்னொரு பெடியனும் ரெண்டு பக்கமும் இழுக்கிறம், பாதி வளைவு கூட வரேல்லை, ஒரு சத்தம். வெடி மாதிரி இல்லை, பனையோலையை நீட்டுக்குக் கிழிச்ச மாதிரி. பட்டைக்குக் கீழால நீளமா ஒரு சிலாம்பு கிளம்பி என்ட மணிக்கட்டைக் கீறிக்கொண்டு போனது.

சேர் ஏசேல்லை. ஏசியிருந்தாப் பரவாயில்லை. உடைஞ்ச துண்டை என்ட கையில தந்து, எல்லாருக்கும் கேக்கக்கூடியதா, "விரலை வைச்சு நார் எங்க வெளியில போகுதெண்டு காட்டு" எண்டார். நான் விரலை வைச்சு உடைவு வழிய இழுத்துக்கொண்டு போனன், ஒரு சாண் கூடப் போகேல்லை, விரல் பலகையின்ட ஓரத்துக்கு வந்திட்டுது. "முகத்தைப் பாத்து வாங்கினனீ, என்ன?" எண்டு கேட்டார். நான் தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் எண்டன். நிமிந்து பாக்க அப்பா கூட்டத்தில இல்லை, கேற்றடியில போய் நிண்டார். பஸ்ஸில வீடு வரும் வரைக்கும் அவர் ஒரு சொல்லும் கதைக்கேல்லை.

அந்தத் தவணை முழுக்க நான் சேரின்ட முகத்தைப் பாக்கேல்லை. அவர் பாத்துக்கொண்டு தான் இருந்திருக்கிறார். ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை எங்கட வீட்டுக் கேற்றில பெல் அடிச்சது, பாத்தா சேர், கையில குடை. அப்பாட்ட "பெடியனை ஒருக்கா மொறட்டுவைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" எண்டு மட்டும் சொன்னவர். வெள்ளவத்தையில ரெயின் எடுத்தம். கடல் பக்கம் என்னை இருத்திப்போட்டு அவர் மற்றப் பக்கம் இருந்தார். ரத்மலானை தாண்டும் வரைக்கும் கதை இல்லை, பிறகு திடீரெண்டு சமண்டலை மரத்தைப் பற்றித் தொடங்கினார், மொறட்டுவைக்காரர் ஹல்மில்ல எண்டுறது, வெள்ளைக்காரர் திருகோணமலை மரம் எண்டு பேர் வைச்சு மெட்ராசுக்கு ஏத்தினது. சாராயம் ஊற வைக்கிற பெரிய பீப்பாய் அதில தான், வண்டிலுக்கும் துடுப்புக்கும் அது தான். "பீப்பாய்க்காரனும் துடுப்புக்காரனும் தேடிப் போற மரம், எங்களுக்கு உதவாதோ?"

மரக்காலையில அவர் ஒரு பலகையும் தூக்கேல்லை. என்னைத் தான் விட்டவர். நான் ஒவ்வொண்டா இழுத்து, கணு இருக்கோ, நடுக்குருத்து ஓடியிருக்கோ, முனையில வெடிப்பு இருக்கோ எண்டு பாத்து ஒதுக்கினன். ஒரு பச்சைத் துண்டில நுனியைக் கோடாலியால பிளந்து பாக்க முதலாளியைக் கேட்டார், சேர் சிங்களத்தில பகிடியா ஏதோ சொல்ல அந்த மனுசன் சிரிச்சுக்கொண்டு கோடாலியைத் தானே கொண்டுவந்து தந்தார். பிளந்த முகம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இறங்கினது. சேர் பேனையை எடுத்து என்னட்டத் தந்தார். ஒடுங்கின பக்கத்தில ஒரு சொட்டு விட்டன், மை மயிர் மாதிரி மெல்லிசா நேரா ஓடினது, ஒரு அங்குலம், ஒண்டரை அங்குலம். காசு அவர் தான் குடுத்தார். அப்பாட்டச் சொல்லாத எண்டார்.

1983 யூலை 21, வியாழக்கிழமை, அதை வளைச்சம். முனகல் கூட இல்லாம வளைஞ்சது. அச்சில கிளாம்ப் போட்டுக் கட்டி, முனையில பென்சிலால என்ட இனிசியலும் திகதியும் எழுதினன். "ஒரு கிழமைக்குக் கழட்டாத, ஈரத்தோட கழட்டினா நிமிந்திடும்" எண்டார் சேர்.

திங்கட்கிழமை 25, கொழும்பில தமிழருக்கு எதிரான கலவரம். அதுக்குப் பிறகு நடந்ததை உங்களில கனபேருக்கு நான் எழுதத் தேவையில்லை. நாங்கள் முகாம், கப்பல், காங்கேசன்துறை, அடுத்த வருசம் மாமாவோட லண்டன்.

இப்ப எனக்கு 57 வயசு. மூண்டு வருசத்துக்கு முதல் பக்கிங்ஹாம்ஷயரில, வின்ட்சர் கதிரைக்குப் பேர்போன ஹை விக்கம் பக்கம், பச்சை மரத்தில கதிரை செய்யிற ஒரு வகுப்புக்குப் போனன். இங்க முதுகு வளைவுக்கு ஆஷ் மரம். சமண்டலை மாதிரியே நேராப் பிளக்கும். அதில ஒண்டு புதுசாப் படிச்சன், ஆஷில வளையம் அகலமா இருக்கவேணும், கெதியா வளந்த மரம் தான் பலம், மெதுவா வளந்து வளையம் நெருங்கினதில துளை தான் கூட, வளைக்கேக்க உடைஞ்சிடும். நாருக்கும் நாருக்கும் நடுவில இருக்கிற பசைக்கு லிக்னின் எண்டு பேர், ஆவியில இளகிறது அது எண்டும் அங்க தான் படிச்சன். 2012இல இருந்து இந்த நாட்டு ஆஷ் மரத்துக்கு ஒரு பூஞ்சண நோய், காடு காடாச் சாகுது, நல்ல துண்டு கிடைக்கிறதும் வர வரக் குறையுது. மரம் தெரியச் சொன்ன உடன நான் பொக்கற்றில இருந்த பேனையை எடுத்து மை விட்டன். படிப்பிக்கிறவர் இதை எங்க பழகினனீங்கள் எண்டு கேட்டார். கொழும்பில எண்டன். அதுக்கு மேல சொல்லத் தொண்டை விடேல்லை.

2017இல கலியாண வீட்டுக்கு வெள்ளவத்தை வந்து பதினாறு நாள் நிண்டனான். சேரின்ட வீடு தெகிவளையில, ஆட்டோவில பத்து நிமிசம். நாளைக்குப் போவம் நாளைக்குப் போவம் எண்டு சேலைக் கடை, சாப்பாடு, சொந்தக்காரர் எண்டே முடிஞ்சுது. போய் என்ன சொல்லுறது எண்ட கூச்சமும் இருந்தது, முப்பத்திநாலு வருசமா ஒரு கடிதம் போடாத ஆள் நான். அந்தப் பலகைக் காசைக் கூடத் திருப்பிக் குடுக்கேல்லை.

போன கிழமை கராஜில ஒரு ஆஷ் சட்டத்தை வளைச்சுக் கட்டி வைச்சிருக்கிறன், இன்னும் கழட்டேல்லை.

இதை வாசிக்கிற ஆராவது 83 ஆவணிக்குப் பிறகும் அங்க படிச்சிருந்தா, மரவேலை அறையில ஜன்னலடி மேசையில ஒரு அச்சு, அதில கட்டின ஒரு சமண்டலைச் சட்டம், இடப்பக்க முனையில பென்சில் எழுத்து, 21.7.83. அதைக் கழட்டினது ஆர், சேரோ? கழட்டேக்க வளைவு நிண்டுதோ, நிமிந்து போச்சுதோ? ஆருக்காவது தெரிஞ்சா சங்கத்துத் தம்பியிட்டச் சொல்லி விடுங்கோ.