பாங்கொக் போயிட்டுத் திரும்பி வந்த கதை

வன்னியில ஒரு பெடியன் பாஸ்போட் எடுக்கிறான் எண்டால் சனத்துக்கு ஒரு அர்த்தம்தான், ஆள் வெளிக்கிடப் போறான், இனி ஊர்ப்பக்கம் வாறதெண்டால் கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோதான். அதால நாங்க நாலு பேரும் பாங்கொக் போறம், சும்மா சுத்திப் பாத்திட்டு அடுத்த கிழமை வந்திடுவம் எண்டு சொல்லேக்க ஒருத்தரும் நம்பேல்ல. பக்கத்து வளவு ஆச்சி அம்மாவைத் தனியக் கூப்பிட்டு "அங்கயிருந்து கப்பலோ பிள்ளை?" எண்டு கேட்டவவாம். ஆச்சியையும் பிழை சொல்லேலாது. 2010இல சன் சீ கப்பல் 492 தமிழ் அகதியளோட கனடாவில போய் நிண்டது தாய்லாந்துப் பக்கத்தால வெளிக்கிட்டுத்தானே. எங்கட சனத்துக்குத் தாய்லாந்து எண்டால் ஆக்களைக் களவா வெளிநாடு அனுப்புற ஏஜென்சிக்காரன் கொண்டு போய் இருத்தி வைக்கிற இடம், ரூர் போற இடம் இல்லை.

அம்மாக்குப் பயம் வேற. நாலு பெடியளாப் போறாங்கள், அந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்ட கதையள் அப்பிடி. "கோயிலுகள் கனக்க இருக்காம் அம்மா" எண்டன். அவ ஒண்டும் சொல்லேல்ல, பாத்த பார்வை மட்டும்தான்.

ஆக்கள் ஆரெண்டால், ஒருத்தன் நெல்லு வெட்டுற மெசின் ஓட்டுறவன், ஒருத்தன் பாமசி, ஒருத்தன் கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்தில கிளாக், நான் கிளிநொச்சியில ஃபோன் திருத்துறன். சிறுபோகம் வெட்டி முடிஞ்சு மெசின்காரன்ர கையில காசு புழங்கின நேரம் பாத்துத்தான் இந்தப் பிளானே வந்தது. கிளாக்தான் பாவம், அரசாங்க உத்தியோகத்தன் வெளிநாடு போறதெண்டால் லீவுக்கு அனுமதி எடுக்கோணும், ஃபோமுக்கு மேல ஃபோம், அவன் அதை நிரப்பின நேரத்துக்கு ஒரு ஏக்கர் வெட்டியிருக்கலாம் எண்டு மெசின்காரன் நக்கலடிச்சுக்கொண்டே இருந்தவன்.

ஏன் பாங்கொக் எண்டால் மலிவு, வேற காரணம் இல்லை. 2024 ஜூலையில இருந்து எங்கட பாஸ்போட்டுக்கும் விசா இல்லாமல் 60 நாள் நிக்கலாம் எண்டு விட்டிட்டாங்கள், நாங்க போகேக்கயும் அப்பிடித்தான். ஒன்லைனில வருகை அட்டை ஒண்டு மட்டும் போறதுக்கு முதல் மூண்டு நாளுக்குள்ள நிரப்போணும், அதுக்குக் காசில்லை, ஆரும் காசு கேட்டால் அது கள்ள வெப்சைட். செப்டெம்பர் அங்க மழைக்காலம், அதால ரூமும் ரிக்கெற்றும் இறங்கியிருக்கும். போய் வர ரெண்டுக்கும் சேத்து ஆளுக்கு 65,000 ரூவா சொச்சம், 7 கிலோ கைப்பை மட்டும். இலங்கை ரூவாயை அங்க கொண்டு போய் மாத்தலாம் எண்டு இருந்திடாதேங்கோ, டொலராக் கொண்டு போங்கோ. ஒரு பாட் எங்கட காசுக்கு ஒன்பது பத்து ரூவா, எதைப் பாத்தாலும் பத்தால பெருக்கினா சரி.

வெளிக்கிடேக்க எயார்போட் இமிகிரேசன் கவுண்டரில இருந்தவர் எங்கட விலாசத்தைப் பாத்திட்டு நாலு பேரையும் ஒரு பக்கமா நிக்கச் சொல்லிப்போட்டார். எங்க தங்குறது, எவ்வளவு காசு, ஏன் போறீங்கள், திரும்பி வருவீங்களோ எண்டு. ரிட்டர்ன் ரிக்கெற் பிறின்ற், ஹொஸ்டல் புக்கிங், கிளாக்கின்ர லீவுக் கடிதம் எல்லாத்தையும் பரப்பிக் காட்டினம். கடைசியில எங்களைக் காப்பாத்தினது அந்த லீவுக் கடிதம்தான், அரசாங்க முத்திரை எண்டால் முத்திரைதான். அதுக்குப் பிறகு மெசின்காரன் வாயே திறக்கேல்ல.

டொன் மியாங் எயார்போட்டில இறங்கினால் ரக்சிக்காரரிட்டப் போகாதேங்கோ, மேல பாலத்தால நடந்தால் சிவப்பு லைன் ட்ரெயின் நிக்குது, நாங்க போகேக்க 20 பாட். பாங் சூவில மாறி நீல லைனில வட் மங்கோன் ஸ்டேசனில இறங்கினால் சைனா ரவுண். அங்கதான் எங்கட ஹொஸ்டல், ஆறு கட்டில் போட்ட ரூம், ஆளுக்கு ஒரு இரவு 350 பாட். ஏசி எண்டால் ஏசி, ராவில குளிரில விறைச்சுப் போய் ரெண்டு சாரத்தைச் சேத்துப் போத்துக்கொண்டு படுத்தம்.

அரண்மனைக்குள்ள போகேல்ல, 500 பாட். மதிலைச் சுத்தி நடந்து பாத்தம், அதுக்கு ஒருத்தரும் காசு கேக்கேல்ல. வாசலுக்குக் கிட்டப் போகேக்க நல்லா உடுத்த ஒரு ஆள் வந்து "இண்டைக்குப் பூட்டு, வாங்கோ துக்துக்கில வேற இடம் காட்டுறன், 20 பாட்" எண்டார். அது எல்லா இடத்திலயும் எழுதிக் கிடக்கிற ஏமாத்து, கொண்டு போய் மாணிக்கக் கடையில விடுவாங்கள். எந்த நாடு எண்டு கேட்டார், சிறிலங்கா எண்டு பாமசிக்காரன் சொன்னதும் ஆள் சிரிச்சுக்கொண்டு வேற ஆக்களைத் தேடிப் போட்டார். நீலக்கல்லு தோண்டுற நாட்டுக்காரனுக்கு நீலக்கல்லு விக்கேலாதுதானே.

வட் போ கோயிலில படுத்திருக்கிற புத்தர் 46 மீற்றர், நாங்க நிண்ட இடத்தில இருந்து தலையும் காலும் ஒரு படத்துக்குள்ள வரவே இல்லை. அங்கால தா தியன் துறையில 5 பாட் குடுத்து ஆத்தைக் கடந்தால் வட் அருண் கோயில். ஆத்தோட ஓடுற செம்மஞ்சள் கொடி போட் எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட், சும்மா ஏறி இருந்து காத்து வாங்கிக்கொண்டு போகலாம். என்ர கணக்கில பாங்கொக்கில காசுக்கு மேல பெறுமதியானது அந்தப் போட் ஒண்டுதான்.

ஆனா என்னை உண்மையா நிப்பாட்டினது ஊஞ்சல். சாம் யொட் ஸ்டேசனில இறங்கி நடந்தால் றோட்டு நடுவில சிவப்பா ரெண்டு பெரிய தேக்குத் தூண், மேல ஒரு குறுக்குமரம், ஊஞ்சலைக் காணேல்ல. முந்தி அதில ஆக்கள் எழும்பி நிண்டு ஆடுற சடங்கு இருந்தது, 1935இல நிப்பாட்டிப்போட்டாங்கள். கிட்டவே தேவஸ்தான் எண்டு ஒரு பிராமணக் கோயில், 1784இல கட்டினது. ஊஞ்சல் ஆடுறதைத்தான் நிப்பாட்டினது, மிச்சச் சடங்கு நடக்குது, அரசரின்ர பிராமணர் இண்டைக்கும் வருசா வருசம் அதில எங்கட திருவெம்பாவை படிக்கினம், உச்சரிப்புத் தேய்ஞ்சு தமிழ் எண்டு பிடிக்கவே கஷ்டம். மார்கழியில விடியப்புறம் சேமக்கலம் அடிச்சுக்கொண்டு சங்கு ஊதிக்கொண்டு ஒழுங்கையால வரேக்க நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திட்டின அதே பாட்டு. நான் அதில நிண்டு யோசிச்சுக்கொண்டு நிக்க இவங்கள் மூண்டு பேரும் மழைக்குப் பயந்து செவின் இலெவன் கடைக்குள்ள ஓடீட்டாங்கள். பின்னேரம் மூண்டு மணி, மெசின்காரன் பியர் பிறிட்ஜைத் திறக்கப் பாக்கிறான், பூட்டிக் கிடக்கு. அப்ப ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் அங்க விக்கேலாதெண்டு சட்டம் இருந்தது. ஆள் மழையை விட அதுக்குத்தான் கவலைப்பட்டவன்.

வெள்ளிக்கிழமை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனம். தாய்லாந்துப் பெட்டையள் செவ்வந்தி மாலையும் தேங்காயும் தட்டில வச்சுக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால கும்பிட்டுக்கொண்டு நிக்கினம், எங்கட வற்றாப்பளை அம்மன் கோயிலில பொங்கலுக்கு நிக்கிற சனம் மாதிரி அவ்வளவு பயபக்தி. உள்ளுக்குப் படம் எடுக்க விடாங்கள். வீபூதி வாங்கிக்கொண்டு திரும்ப, பின்னால ஒரு குரல், "தம்பியவை எவடம்?"

முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும், சேட்டை வடிவா அயன் பண்ணிப் போட்டிருந்தார். இந்தமுறை சிறுபோகம் எப்பிடி, நெல்லு என்ன விலை போகுது, இரணமடுக் குளத்தில தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு அடுக்கடுக்காக் கேட்டார், மெசின்காரனும் விடாமல் சொன்னவன், ரெண்டு பேரும் கோயில் படியிலயே குந்தீட்டினம். பேந்து "எவ்வளவு குடுத்து வந்தனீங்கள்?" எண்டார். அறுபத்தஞ்சு எண்டு நான் சொல்ல, அவர் லட்சத்தில விளங்கிப் போட்டார். "எங்க போக? கனடாவோ? எந்த ஏஜென்சி?" எண்டு கையைப் பிடிச்சார். இல்லையண்ணை, அறுபத்தையாயிரம், போய் வர, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறம் எண்டு சொல்லி விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. ஆள் சிரிக்கத் தொடங்கினவர் நிப்பாட்டேல்ல. "திரும்பிப் போறதுக்கோ வந்தனீங்கள்!"

அவருக்கு யூஎன்னில அகதிக் கேஸ் கிடக்கு. தாய்லாந்து 1951ஆம் ஆண்டு அகதி ஒப்பந்தத்தில கையெழுத்துப் போடாத நாடு, யூஎன் கடதாசி கையில இருந்தாலும் பொலிஸ் பிடிச்சால் உள்ளுக்குத்தான். மற்ற நாடு எடுக்கும் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறார். ஒரு படம் எடுப்பம் எண்டு கேட்டம், வேண்டாம் எண்டிட்டார். கிளாக் ரெண்டு 500 பாட் தாளை மடிச்சுக் கையில வைக்கப் பாத்தான், அதையும் வாங்கேல்ல, எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தானே தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

அண்டிரவு யாவோராட் றோட்டில சாப்பாடு. பப்பாக்காயைச் சீவி உரலில போட்டு இடிக்கிற சொம் தம் கடை. அந்த அக்கா மிளகாயைக் கையில எடுத்து எத்தினை போட எண்டு விரலால கேக்கிறா, பாமசிக்காரன் வன்னியான் எண்ட திமிரில "போடுங்கோ போடுங்கோ" எண்டு கை காட்டினான். அவ கை நிறைய அள்ளிப் போட்டு, உள்ளியோட ரெண்டு இடி, மீன்சோஸ், தேசிக்காய், திரும்ப இடி. ரெண்டு வாய்தான் வச்சவன். மூக்கால கண்ணால எல்லாம் ஓடுது, அக்கா ஒண்டும் கதைக்காமல் வெள்ளரிக்காய்த் துண்டும் ஒட்டுற சோறும் கொண்டு வந்து வச்சா, முதலே தெரியும் போல. மிச்சத்தை மெசின்காரன் இருந்து வழிச்சுத் திண்டவன்.

செலவு கேக்கிற ஆக்களுக்கு: ரிக்கெற்றை விட்டால், தங்க, திங்க, ஓட எல்லாமாச் சேத்து ஆளுக்கு 50,000 ரூவாக்குள்ள முடிஞ்சது, அதில மெசின்காரன்ர பியரைச் சேக்கேல்ல, அது அவன்ர சொந்தக் கணக்கு. கொழும்பு பஸ்சுக்கும் எயார்போட்டில சாப்பிட்டதுக்கும் தனிக் காசு. மழைக்காலத்தில போறதெண்டால் சப்பாத்துப் போடாதேங்கோ, பாட்டாச் செருப்புப் போதும், றோட்டெல்லாம் முழங்கால் தண்ணி வரும், அரை மணித்தியாலத்தில வத்தியும் போகும். காற்சட்டை கட்டையா இருந்தால் கோயில்களுக்குள்ள விடாங்கள், ஒரு நீளக் காற்சட்டை கட்டாயம் வையுங்கோ. அடுத்தமுறை பினாங்கோ எண்டு யோசிக்கிறம், கிளாக் இப்பவே ஃபோம் எடுத்து வச்சிட்டான்.